சேமலாப நிதி: சேர்ப்பதும் எடுப்பதும் பற்றிச் சில எண்ணங்கள்

முதுமைக் காலத்துக்கென்று எமது கிராமங்களில் எவரும் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்ததில்லை. நான்கு பரப்புத் தோட்டக் காணி, ஒரு கிணறு, வேலியோரத்தில் நாலைந்து பனை, பட்டியில் இரண்டு மாடு, வீட்டுக்காரியின் கழுத்தில் தாலிக்கொடி. வன்னிப் பக்கமென்றால் குளத்துக்குக் கீழே இரண்டு மூன்று ஏக்கர் வயல். கைகால் தளர்ந்த பின்னர் மகன் உழுவான், மகள் பார்ப்பாள், வயலைக் குத்தகைக்குக் கொடுத்தாலும் காலபோகம் முடிய நெல்லு மூட்டை வீடு தேடி வரும். அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதாமாதம் ஓய்வூதியம், எமக்கு இது. இதில் குறை கண்டவரும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரேயொரு பலவீனம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனம், காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டது. காணியைக் கட்ட முடியவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களிற் பலர் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே தமது காணியின் எல்லைக் கல்லைக் கண்டனர். 2006இல் சம்பூரை விட்டுப் போன விவசாயிகள் 2015க்குப் பின்னரே திரும்பத் தொடங்கினர். காத்திருந்த காலத்தில் உழைக்கும் வயது போய்விட்டது. தூக்கிச் செல்லக்கூடியதாக இருந்தது நகை மட்டுமே. அது முதலாவது அகதி முகாமிலேயே அடகு கடைக்குப் போனது. 2009இல் எஞ்சியதும் போன இடம் தெரியாது.

இதை ஏன் மீண்டும் சொல்லுகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. காணியை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று மாதச் சம்பளத்துக்குப் போகிறார்கள். ஆடைத் தொழிற்சாலை, கடை, காவல் வேலை, கட்டட ஒப்பந்தகாரரிடம் கூலி வேலை. அந்தச் சம்பளத் துண்டில் ஒரு வரி இருக்கிறது. பெற்றோர் அந்த வரியைக் கவனிப்பதில்லை. கையில் வரும் தொகையை மட்டுமே பார்க்கின்றனர். எமது கருத்தில் அந்த வரிதான் காணிக்குப் பதிலாக இந்தத் தலைமுறைக்குக் கிடைத்திருக்கும் முதுசம்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதியம் தொடங்கப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்தில் 100க்கு 8 ரூபா கழிக்கப்படும். தொழில் தருநர் தமது பையிலிருந்து 12 ரூபா போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 20 ரூபா தொழிலாளியின் சொந்தப் பெயரில், சொந்த இலக்கத்தில் ஏறும். இதைவிட 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருநர் மேலும் 3 ரூபா செலுத்த வேண்டும். இதில் தொழிலாளியிடமிருந்து ஒரு சதமும் கழிக்க முடியாது. ஆக, 8 ரூபா போடுகிறவருக்கு 15 ரூபா மேலதிகமாக வந்து சேருகின்றது. இப்படியொரு விளைச்சலை நாம் எந்தப் போகத்திலும் கண்டதில்லை.

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன்னர் எடுப்பதற்குச் சில வாசல்கள் உண்டு: நிரந்தர இயலாமை, நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்தல், ஓய்வூதியமுள்ள அரசாங்க வேலையிற் சேர்தல். 10 வருடம் பங்களிப்புச் செய்தவர் கணக்கில் 3 இலட்சம் ரூபாவாவது இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை எடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. இவற்றைவிட இன்னொரு வாசல் இருக்கிறது. திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் தனது பணம் முழுவதையும் எடுக்கலாம். எமது பிள்ளைகள் அதிகம் போகும் வாசல் இதுதான். நாம் பேச வந்ததும் இதைப் பற்றியே.

மீள்குடியேறிய கிராமமொன்றில் ஒரு தாயுடன் அண்மையில் கதைத்தோம். மகள் ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆடைத் தொழிற்சாலையில் வேலை. கலியாணம் பேசியாயிற்று. “பிள்ளையின்ர காசு பிள்ளையின்ர கலியாணத்துக்குத்தானே தம்பி, நாங்களோ திண்டு முடிக்கப்போறம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் களவு இல்லை. காணி விற்றுச் சீதனம் கொடுத்த பரம்பரை அது. விற்கக் காணி இல்லாதபோது கைக்கு எட்டுவது மகளின் கணக்கு. மாப்பிள்ளை வீட்டாருக்கும் இப்போது இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடம் வேலை செய்தவள் என்று கேட்பதன் பொருள் எமக்கு விளங்காமலில்லை.

கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபா சம்பளமென்று வைத்துக்கொண்டால், பிள்ளை போடுவது 2,400, தொழில் தருநர் போடுவது 3,600. மாதத்துக்கு 6,000 ரூபா. ஐந்து வருடத்தில், வட்டியை விட்டால், 3 இலட்சத்து 60 ஆயிரம். இது ஒரு மண்டபக் கூலிக்கும் சாப்பாட்டுக்கும் வீடியோக்காரருக்கும் சரியாக வரும். ஒரு நாளில் முடியும். அதே தொகையை 23 வயதில் தொடாமல் விட்டால் 50 வயதுக்கு 27 வருடம் இருக்கிறது. வருடத்துக்கு 8 வீத வட்டியென்றால் ஏறத்தாழ ஒன்பது வருடத்துக்கு ஒரு முறை பணம் இரட்டிக்கும். 9 வருடத்தில் 7 இலட்சத்து 20 ஆயிரம், 18 வருடத்தில் 14 இலட்சத்து 40 ஆயிரம், 27 வருடத்தில் 28 இலட்சத்து 80 ஆயிரம். அவள் பிறகு ஒரு நாளும் வேலைக்குப் போகாவிட்டாலும் இதுதான் கணக்கு. அன்றைக்கு 28 இலட்சத்துக்கு என்ன வாங்கலாம் என்பது விலைவாசியைப் பொறுத்தது. இன்றைய 28 இலட்சமென்று யாரும் எண்ணக்கூடாது. ஆனாலும் மண்டபக் கூலியைவிட அது பெரிது.

இன்னொன்று. அந்தத் தாயின் மகள் நான்கு வருடமும் பத்து மாதமும் வேலை செய்திருந்தாள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். சேமலாப நிதியை எடுப்பதற்காக இரண்டு மாதம் முந்தி வேலையை விட்டால் இரண்டரை மாதச் சம்பளம் போய்விடும். இதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. கலியாண நாளைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. கலியாணம் முடித்துக்கொண்டு இரண்டு மாதம் வேலைக்குப் போயிருந்தாலே போதும். சோதிடரிடம் நாள் பார்க்கிறவர்கள் இந்த நாளையும் பார்த்திருக்கலாம் என்று எமக்குத் தோன்றியது.

கலியாணச் செலவுக்கு ஒரு வழியும் இல்லையென்றால் என்ன செய்வது? நம்பிக்கை நிதியை எடுங்கள் என்போம். அது வேலையை விட்டவுடன் கேட்கக்கூடியது; ஆயினும் ஒரு முறை எடுத்தால் ஐந்து வருடத்துக்கு மீண்டும் எடுக்க முடியாது. மேற்சொன்ன கணக்கில் அது 54,000 ரூபாவும் வட்டியும். சேமலாப நிதியில் கை வைக்காமல் இதற்குள் கலியாணத்தைச் செய்வது கடினம் என்பார்கள். கடினம்தான். ஆனால் தறப்பாள் கொட்டிலுக்குள் நடந்த எத்தனையோ கலியாணங்களுக்கு நாம் போயிருக்கிறோம். அந்தத் தம்பதிகள் குறைந்து போய்விடவில்லை.

பெண்ணின் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். சீதனமாகக் கொடுத்த காணியும் வீடும் அவள் பெயரில் இருந்தாலும், யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவி அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சேமலாப நிதிக் கணக்குக்கு அப்படி ஒருவரின் சம்மதமும் தேவையில்லை. கணவன் நல்லவனாக இருந்தால் அது இருவருக்கும் உதவும். அப்படி இல்லாவிட்டால் அவளுக்கென்று உள்ளது அது ஒன்றே. கலியாண நாளில் அதைக் கரைத்து அனுப்புவது பெற்றோர் செய்யும் நன்மையென்று எம்மால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இங்கே எமது வாசகர்கள் குறுக்கிடுவார்கள் என்பது தெரியும். “அரசாங்கத்திடம் கட்டின காசை நம்பி இருந்து கண்ட பலனைப் பார்க்கவில்லையா?” என்று கேட்பார்கள். விவசாயிகள் ஓய்வூதியத்தைத்தான் நினைக்கிறார்கள். நியாயமான கேள்வி. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் அந்தத் திட்டம் கொண்டுவரப்பட்டபோது, அரசாங்க உத்தியோகத்தர் போலக் கமக்காரனும் 60 வயதில் மாதாந்தம் பணம் பெறுவான் என்று சொல்லப்பட்டது. கட்டியவர்கள் கட்டினர். பின்னர் கொடுப்பதற்கு நிதி போதாமல் 2012 அளவில் கொடுப்பனவு நின்றது. 2014இல் மீண்டும் தொடங்கியபோது வயது 63 ஆகியிருந்தது; தொகை மாதம் 1,250 ரூபா. எமது பகுதிகளிலோ அந்தப் பற்றுச்சீட்டுக்களும் புத்தகங்களும் இடப்பெயர்வில் மழையிலும் நெருப்பிலும் போயின. கட்டியதை நிரூபிக்க முடியாமல் கமநல சேவை நிலையப் படியேறி இறங்கிய முதியவர்கள் பலரை நாம் அறிவோம்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். விவசாயிகள் ஓய்வூதியம் ஒரு பொதுக் குளம். எல்லோரும் தண்ணீர் விட்டார்கள். குளம் வற்றியபோது கடைமடைக்காரனுக்கு ஒன்றும் வரவில்லை. யார் எவ்வளவு விட்டார் என்று தனித்தனியாக அளந்து வைக்கும் ஏற்பாடு அதில் இல்லை. சேமலாப நிதி அவரவர் வளவுக் கிணறு மாதிரி. உங்கள் இலக்கத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கலாம்; அது உங்களுடையது; நீங்கள் இறந்தால் நீங்கள் பெயர் குறித்தவருக்கு உரியது. புத்தகம் எரிந்தாலும் கணக்கு எரிவதில்லை. இடப்பெயர்வுக்கு முன்னர் சில வருடம் தொழிற்சாலையொன்றில் வேலை செய்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய ஒருவர் எமக்குத் தெரிந்தவர். ஏழு இடம் மாறியவர். தொழில் தருநரின் இலக்கத்தையும் தனது அங்கத்தவர் இலக்கத்தையும் எழுதிய துண்டை அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார். சண்டை முடிந்த பின்னர் அந்தத் துண்டைக் கொண்டுபோய்த் தனது பணத்தைப் பெற்றார். பெரிய தொகையல்ல, ஒரு நீர்ப்பம்பிக்குக் காணும். வீடு, காணி, மாடு, நகை எல்லாம் போன பிறகு அவருக்கு எஞ்சியது அந்த இலக்கம்தான்.

அதற்காக இந்த நிதியை மாசு மறுவற்றது என்று நாம் சொல்லப் போவதில்லை. கிணறு சொந்தமானாலும் நிலத்தடி நீர் பொதுவானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய வருடத்தைவிட 70 வீத அளவு ஏறியிருந்தது. அந்த வருடத்துக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அதாவது, கணக்கில் தொகை ஏறியது, அந்தத் தொகைக்கு வாங்கக்கூடிய அரிசி இறங்கியது. 2023 ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் அங்கீகரித்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் விடப்பட்டன. தொழிலாளரின் ஓய்வுகால நிதிகள் வைத்திருந்தவை மாற்றப்பட்டன. புதிய முறிகளுக்கு முதலில் 12 வீதமும் அதன் பின்னர் 9 வீதமும் வட்டி. மாற்றாவிட்டால் கூடிய வரி என்றும் சொல்லப்பட்டது. சங்கங்கள் எதிர்த்தன, போராடின. நாட்டின் கடனை அடைப்பதில் முதற் சுமையை ஏன் தையற் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டும் என்ற கேள்விக்கு இன்றுவரை எமக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அந்த வருடத்தில் தங்கம் வைத்திருந்தவர் சேமலாப நிதியில் வைத்திருந்தவரை வென்றார். அதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் எமது வீடுகளில் தங்கம் இருக்கும் இடம் எது? போகத்துக்குப் பசளை வாங்க அடகில் இருக்கிறது. தவணை தப்பினால் ஏலத்துக்குப் போகிறது. சீட்டுப் பிடித்த தாய்ச்சிக்காரர் ஓடிய கதைகளும் ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே இருக்கிற தெரிவுகளுக்குள் எது குறைந்த ஆபத்து என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. எளிதில் எடுக்க முடியாதது என்பதே இந்தக் கணக்கின் குறையாகச் சொல்லப்படுகிறது. அவசரம் என்ற சொல் ஓயாத எமது வாழ்க்கையில் அதுவே அதன் பலம் என்று நாம் கருதுகிறோம்.

வேறொரு களவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்துவிட்டு நிதியத்துக்கு அனுப்பாத முதலாளிமார் இருக்கிறார்கள். தமது 12 வீதத்தையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே கழிப்பவர்களும் இருக்கிறார்கள். “நீ தற்காலிகம், உனக்கு அது இல்லை” என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் அதைவிட அதிகம். சட்டத்தில் தற்காலிகம், நாட்கூலி, துண்டுக் கூலி என்ற பேதமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து உரித்து உண்டு. பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். சம்பளத் துண்டை எறியாமல் வைத்திருந்து, வருடத்துக்கு ஒரு தடவையாவது கணக்கு நிலுவையைக் கேட்டுப் பார்த்தால் அனுப்பப்படாதது வெளிச்சத்துக்கு வரும். பக்கத்திலுள்ள தொழில் காரியாலயத்தில் முறையிடலாம். முறையிட்டால் வேலை போய்விடும் என்ற பயம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. காணியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது சின்னப் பயமல்ல. ஆகவே தனியே போகாமல் நாலு பேராகப் போவது நல்லது. வேலையை விட்ட பின்னரும் கேட்கலாம்.

பெயர்ச் சிக்கலும் உண்டு. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு இடத்தில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. இடப்பெயர்வில் பிறந்து பிந்திப் பதிந்தவர்களுக்கு இது கூடுதல். வேலை மாறும்போது ஒவ்வொரு இடத்திலும் வேறு இலக்கம் கொடுப்பார்கள். பழைய இலக்கத்தைச் சொல்லி ஒரே அடையாள அட்டையில் பதியச் சொல்ல வேண்டும். 50 வயதில் இதைத் திருத்த அலைவதைவிட 23 வயதில் திருத்துவது இலகு. 1977 வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய குடும்பங்களில், தோட்டத்தில் வேலை செய்த காலத்துச் சேமலாப நிதியை எடுக்காமலே விட்டவர்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகள் பழைய செக்ரோல் துண்டோ இலக்கமோ வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கட்டும்.

கடைசியாக, எழுதக் கை தயங்கும் ஒரு விடயம். பெயர் குறித்தல். இளம் பிள்ளைகள் இந்தப் பகுதியை நிரப்பாமல் விடுகிறார்கள், அல்லது தாயின் பெயரை எழுதிவிட்டுக் கலியாணத்துக்குப் பிறகு மாற்ற மறந்துவிடுகிறார்கள். கணக்குக்காரர் இறந்தால் பெயர் குறித்தவர் மரணச் சான்றிதழுடன் போய்ப் பெறலாம். காணாமற் போனவரின் கணக்கென்றால்? 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற் போனவருக்கு மரணத்தைப் பதிந்து சான்றிதழ் பெற வழி செய்தது. இறந்துவிட்டான் என்று தன் கையால் ஒப்பமிட எத்தனை தாய்மார் மறுத்தார்கள் என்பது எமக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமை பற்றிய சான்றிதழைக் கொண்டுவந்தது. மரணம் என்ற சொல் அதில் இல்லை. அதைப் பெற்றுக்கொண்டு குடும்பத்தினர் நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். காணாமற் போனவரின் சொத்தைப் பராமரிக்க நீதிமன்றத்தை நாடலாம். சேமலாப நிதிப் பணத்தை இந்தக் குடும்பங்கள் பெறுவதற்கு, மரணச் சான்றிதழைக் கேட்காத தெளிவான, இலகுவான நடைமுறை வேண்டும் என்பது எமது கோரிக்கை. பணம் அவனுடையது. வழி தெரியாமல் அது கிடக்கக் கூடாது.

மகன் வேலை செய்த காலத்துச் சம்பளத் துண்டுகளை இறப்பர் நாடாவினால் கட்டி வைத்திருக்கும் ஒரு அம்மாவை நாம் அறிவோம். இலக்கத்தை எமக்கு வாசித்துக் காட்டினார். எழுதிக்கொள்ளச் சொன்னார். விண்ணப்பிப்போமா அம்மா என்று கேட்டதற்கு, “அவன் வந்து எடுக்கட்டும்” என்றார். நாம் எழுதிக்கொண்டோம்.